ரசம் போன டிஸ்க்: பழைய கேம் சிடி எப்படிக் கெடுகிறது, எப்படிக் காப்பது

பழைய வீடியோ கேம் சேகரிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் 'டிஸ்க் ராட்' என்ற பேச்சு வராமல் இருக்காது. ராட் என்றால் அழுகல். கேம் நடுவில் நின்றுவிட்டால் ராட். அடிப்பக்கம் கீறல் இருந்தால் ராட். கன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி, டிஸ்க்கையே கண்டுகொள்ளவில்லை என்றால் அதுவும் ராட். சிடியின் ஆயுளே இருபது வருஷம்தான், எல்லாம் ஒருநாள் அழுகிப் போகும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. எல்லாக் கோளாறுக்கும் ஒரே பேரை வைத்ததால் இரண்டு விதமாக நஷ்டம் வருகிறது. நன்றாக இருக்கிற டிஸ்க்கைக் கெட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருப்பதை, அடிப்பக்கம் பளபளவென்று இருக்கிறதே என்று நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஸ்டிக்கரால். வாடகைக்கு சிடி கொடுக்கும் கடை ஒன்றை மூடினார்கள். அங்கே இருந்த ஒரிஜினல் பிசி கேம் ஒன்றை வாங்கி வந்தேன். அடிப்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. மேல்பக்கம், அதாவது படம் அச்சிட்ட பக்கத்தில், நம்பர் எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாகத்தான் உரித்தேன். ஸ்டிக்கரோடு படமும் வந்தது. படத்தோடு, இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளி ரேக்கு மாதிரி ஒரு மெல்லிய ஏடும் வந்தது. டிஸ்க்கை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். உரிந்த இடத்தின் வழியாக, மறுபக்கம் இருந்த என் கட்டைவிரல் தெளிவாகத் தெரிந்தது. அந்த கேம் அதற்கப்புறம் ஓடவே இல்லை.

இத்தனை வருஷம் நான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டது அடிப்பக்கத்தை. உயிர் இருந்ததோ மேல்பக்கத்தில்.

ஒரு நிலைக்கண்ணாடியில் இருந்து தொடங்கலாம்

பழைய வீடுகளில் மரச்சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கும். ஓரங்களில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்திருக்கும். எவ்வளவு துடைத்தாலும் அந்தத் திட்டு போகாது. 'ரசம் போயிடுச்சு' என்பார்கள். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும். அதன் முதுகில் பூசியிருக்கிற மெல்லிய உலோகப் பூச்சுதான் போயிருக்கும். முகம் காட்டுவது அந்தப் பூச்சுதான். முன்னால் இருக்கும் கண்ணாடி அதற்கு ஒரு தாங்கியாக மட்டும் நிற்கிறது.

முன்பக்கம் அழுக்கானால் துடைக்கலாம், லேசாகக் கீறினால் மெருகேற்றலாம். முதுகில் ரசம் உரிந்துவிட்டால், முன்பக்கத்தை என்ன தேய்த்தாலும் பயனில்லை.

கேம் டிஸ்க்கும் இதே அமைப்புதான். அடிப்பக்கத்தின் தெளிவான பிளாஸ்டிக்தான் கண்ணாடி. அதன் முதுகில் பூசிய அலுமினியம்தான் ரசம். அந்த ரசம் போவதுதான் உண்மையான டிஸ்க் ராட். மற்றதெல்லாம் வேறு வேறு நோய்கள், வைத்தியமும் வேறு வேறு.

நாலு அடுக்கு

ஒரு சிடியின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். கீழிருந்து மேலே நாலு அடுக்குகள். முதலில் பாலிகார்பனேட் என்ற உறுதியான, தெளிவான பிளாஸ்டிக். 1.2 மில்லிமீட்டரில் ஏறக்குறைய முழுவதும் இதுதான். அதன் மேல்முகத்தில் நுண்ணிய பள்ளங்கள் அழுத்தியிருக்கும். கேமின் தகவல் அத்தனையும் அந்தப் பள்ளங்கள்தான். அடுத்து, பள்ளங்களின் மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு இருக்கும், அவ்வளவு மெல்லியது. அதற்கு மேல் லாக்கர், அதாவது வார்னிஷ் போன்ற ஒரு காப்புப் பூச்சு. அதற்கும் மேலே அச்சிட்ட படம்.

இந்த அளவுகளைச் சேர்த்துப் பாருங்கள். கீழிருந்து வரும் கீறல் அலுமினியத்தைத் தொட வேண்டுமானால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து வரும் கீறலுக்கு நடுவில் நிற்பது வார்னிஷும் மையும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து மில்லிமீட்டரில் சில நூறில் பங்குகூட இராது. நாமோ டிஸ்க்கை மேஜையில் வைக்கும்போது அடிப்பக்கம் கீறிவிடுமே என்று திருப்பி, படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கிறோம். பலவீனமான பக்கத்தைத்தான் மேஜையில் தேய்க்கிறோம்.

பள்ளங்களைப் பற்றி இன்னொரு விஷயம். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது நமக்குத் தெரியும். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் அந்தப் பேர் போகாது. தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி எடுத்த டிஸ்க்கில் உள்ள பள்ளங்களும் அப்படித்தான், பிளாஸ்டிக்கிலேயே வெட்டியவை. ராட் வந்த டிஸ்க்கில்கூட அந்தப் பள்ளங்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றை லேசருக்குக் காட்டும் ரசம்தான் இருக்காது. எனக்கு இதை நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். கேம் முழுவதும் அங்கேயே இருக்கிறது, ஆனால் படிக்க வழியில்லை.

இதுவரை பார்த்தது: தகவல் இருப்பது பிளாஸ்டிக்கின் மேல்முகத்துப் பள்ளங்களில். அதைக் காட்டுவது அலுமினியம். அந்த அலுமினியத்துக்கு மேலே இருக்கிற காப்பு மிக மெல்லியது.

லேசர் படிக்கும் விதம்

கன்சோலுக்குள் இருக்கும் லேசர் கீழிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறது. அது 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியாது. சமதளத்தில் பட்டால் ஒளி நன்றாகத் திரும்பி வரும். பள்ளத்தில் பட்டால் திரும்பும் ஒளி மங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கன்சோல் எண்களாக மாற்றிக்கொள்கிறது. பள்ளங்கள் நத்தை ஓட்டுச் சுருள் மாதிரி உள்ளிருந்து வெளியே ஒரே பாதையாகப் போகின்றன. பாதையை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் கிட்டத்தட்ட 40 சுற்றுகள் அடங்கிவிடும்.

இவ்வளவு நுணுக்கமான எழுத்து என்றால் ஒரு தூசி பட்டாலே கெட்டுவிட வேண்டுமே? கெடுவதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறோம். அந்த வழியாகத் தெருவில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்க்கும்போது வலை கண்ணில் படுவதே இல்லை. பார்வை மரத்தின் மேல் குவிந்திருப்பதால் வலை மங்கிப் போய்விடுகிறது. லேசரும் இப்படித்தான். அது குவிவது உள்ளே இருக்கும் பள்ளங்களின் மேல். டிஸ்க்கின் அடிமுகத்தைத் தாண்டும்போது ஒளிக்கற்றை முக்கால் மில்லிமீட்டர் போல அகலமாக விரிந்திருக்கும். அந்த அகலத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய கீறலோ தூசியோ கொசுவலைக் கம்பி மாதிரிதான்.

இரண்டாவது காரணம் பிழைதிருத்தம், அதாவது காணாமல் போன எழுத்தை மற்ற எழுத்துகளை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை. ஓலைச்சுவடியில் ஒரு பாட்டு. இரண்டாம் அடியின் முதல் சீரில் ஓரெழுத்தைக் கறையான் தின்றுவிட்டது. முதல் அடி 'வட்டம்' என்று தொடங்குகிறது, இரண்டாம் அடியில் 'ப', அப்புறம் ஓர் ஓட்டை, அப்புறம் 'டம்' இருக்கிறது என்றால், எதுகை தெரிந்தவர் 'பட்டம்' என்று படித்துவிடுவார். கவிஞர் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு எழுதியதால் விட்டுப்போனது பிடிபடுகிறது. டிஸ்க்கிலும் இப்படிக் கணக்கு விதிப்படி உபரி எண்களைச் சேர்த்தே எழுதுகிறார்கள். கேம் சிடியில் ஒவ்வொரு 2,352 பைட் துண்டிலும் கேமுக்கு உரியது 2,048 பைட் மட்டுமே. மிச்சத்தில் பெரும்பங்கு இந்தத் திருத்தக் கணக்குக்குத்தான். இதற்கும் கீழே, எல்லா சிடிக்கும் பொதுவாக இன்னொரு அடுக்கு பிழைதிருத்தமும் இருக்கிறது.

இதோடு இன்னொரு தந்திரமும் உண்டு. பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைச் சேர்த்து எழுதாமல் கலைத்து, பாதை நெடுகத் தூரம் தூரமாக அடுக்குகிறார்கள். கல்யாணத்துக்குப் பத்து வேன் போகிறது. ஒரே குடும்பத்தை ஒரே வேனில் ஏற்றினால், அந்த வேன் பஞ்சர் ஆனதும் மாப்பிள்ளை வீட்டாரே இல்லாமல் மண்டபம் நிற்கும். ஒவ்வொரு குடும்பத்தையும் பிரித்துப் பத்து வேனிலும் ஏற்றினால், ஒரு வேன் நின்றாலும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஓரிருவர்தான் குறைவார்கள். வேலை நடந்துவிடும். இந்த ஏற்பாட்டினால், பாதையின் திசையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுத்தே இல்லாவிட்டாலும் சிடி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

கீறலுக்குத் திசை உண்டு

இந்த 2.5 மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொண்டால் கீறல் விஷயம் முழுவதும் புரிந்துவிடும். நடுவில் இருந்து ஓரத்துக்கு, சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஓடும் கீறல் பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் சேதம், திருத்தம் சமாளித்துவிடும். வளையல் மாதிரி வட்டமாக ஓடும் கீறல் பாதையோடு சேர்ந்தே ஓடுகிறது. 2.5 மில்லிமீட்டர் எல்லையை நிமிஷத்தில் தாண்டிவிடும். பார்வைக்கு அது மயிரிழையாக இருந்தாலும் கேமை நிறுத்திவிடும்.

அதனால்தான் டிஸ்க்கைத் துடைக்கும்போது தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைப் போல வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி போதும். பிசுக்கு இருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இவற்றின் பக்கமே போக வேண்டாம். பாலிகார்பனேட் பாலாடை மாதிரி வெளுத்துவிடும்.

பற்பசை போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை. பற்பசையில் மிக நுண்ணிய தேய்ப்புத் தூள் இருக்கிறது. கீறலின் கூர்மையான விளிம்பை அது மழுக்கும். ஆனால் சுற்றிலும் நூறு சின்னக் கீறல் போட்டுவிடும். கிடைக்காத கேமின் மேல் அந்தப் பரீட்சை வேண்டாம். மொசைக் தரைக்கு மெஷின் போட்டு பாலிஷ் செய்வதைப் போல டிஸ்க்குக்கும் மெஷின் இருக்கிறது. பிளாஸ்டிக்கை ஒரே சீராக, தண்ணீர் விட்டு, மிக மெல்லிசாகச் சீவி எடுத்து மெருகேற்றும். சிடியின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருப்பதால் இதற்கு இடமுண்டு. அதற்காக ஓடுகிற டிஸ்க்கை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பாலிஷ் போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு தடவையும் எடுப்பது திரும்பி வராத பிளாஸ்டிக்.

சுருக்கமாக: அடிப்பக்கக் கீறல் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. வட்டக் கீறல் ஆபத்து அதிகம். மேல்பக்கக் கீறல் அலுமினியத்தைத் தொட்டுவிட்டால் எந்த மெஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போ ராட் என்பது என்ன?

காற்றும் ஈரமும் லாக்கரைத் தாண்டி அலுமினியத்தைத் தொட்டால் அது ஆக்ஸைடாக மாறும். ஆக்ஸைடு என்பது உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாகும் பொருள். இரும்பில் அதையே துரு என்கிறோம். அலுமினிய ஆக்ஸைடு ஜன்னல் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விட்டுவிடும், திருப்பி அனுப்பாது. ரசம் போய்விட்டது என்று அர்த்தம்.

சாதாரணமாக லாக்கர் இதைத் தடுத்துவிடும். லாக்கர் ஓரத்தில் சரியாகப் படியாமல் இருந்தாலோ, கீறியிருந்தாலோ, அதன் சேர்மானமே தவறாக இருந்தாலோ வழி திறந்துவிடும். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் பிடிஓ என்ற ஆலை இருந்தது. 1988 முதல் 1993 வரை அங்கே தயாரான இசை சிடிகளில் பல, ஓரத்தில் இருந்து வெண்கல நிறமாக மாறத் தொடங்கின. உறையிலும் சின்னப் புத்தகத்திலும் இருந்த காகிதத்தின் கந்தகத்தை அவற்றின் லாக்கரால் தடுக்க முடியவில்லை. இசை சிடி விவகாரம்தான் என்றாலும் கேம் சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ராட் வயதால் மட்டும் வருவதில்லை, எந்த ஆலையில் எப்படித் தயாரித்தார்கள் என்பதைப் பொறுத்தும் வருகிறது. 1988-இல் ஜப்பானில் பிசி எஞ்சினுக்கு சிடி ட்ரைவ் வந்தது. சிடி கேம் வந்த முதல் கன்சோல் அதுதான். அந்தக் காலத்து டிஸ்க்குகளே இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. எல்லா சிடியும் இருபது வருஷத்தில் சாகும் என்பது உண்மையில்லை.

இன்னொரு எதிரி பூஞ்சை. மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற வெக்கையும் ஈரமும் நிறைந்த சின்ன நாட்டில் இருந்து வந்த ஒரு சிடி நிறம் மாறி, படிக்க முடியாமல் போனது. அதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001-இல் பரிசோதித்தார்கள். ஜியோட்ரிக்கம் வகைப் பூஞ்சை ஒன்று ஓரத்தின் வழியாக நுழைந்து, அலுமினியத்தையும் பாலிகார்பனேட்டையும் அரித்திருந்தது. பெலீஸ் தட்பவெப்பத்துக்கும் நம் கடற்கரை ஊர்களின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கும் பெரிய தூரம் இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம் ஊர் சிடிகள் ஏன் சீக்கிரம் செத்தன?

'என் பழைய கேம் சிடியெல்லாம் ரெண்டே வருஷத்தில் போய்விட்டது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பர்மா பஜார் முதல் தெருமுனை சிடி கடை வரை அன்று நம் கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் எரித்து எடுத்த நகல்கள், அதாவது சிடி-ஆர். அதில் பள்ளமே கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு சாயப் படலம் இருக்கும். கம்ப்யூட்டரின் லேசர் அதைச் சுட்டுப் புள்ளி வைக்கும். அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ மின்னுவது அந்தச் சாயத்தால்தான். பாத்திரத்தில் பேர் வெட்டுவதற்குப் பதில் மையால் எழுதின மாதிரி. வெயில் பட்டால் மங்கும், சூடு பட்டால் மங்கும். அந்த நகல்களின் ஆயுளைப் பார்த்துவிட்டு ஒரிஜினல் டிஸ்க்கின் ஆயுளைக் கணித்துவிட்டோம்.

முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகள் அடிப்பக்கம் கறுப்பாக இருப்பது நகலைத் தடுக்கத்தான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கறுப்பு நம் கண்ணுக்கு மட்டும்தான். அகச்சிவப்பு லேசருக்கு அது தெளிந்த பிளாஸ்டிக். நகலைத் தடுத்தது வேறு ஒன்று: டிஸ்க்கின் தொடக்கத்தில் பாதையை வேண்டுமென்றே லேசாக நெளியவிட்டு, அந்த நெளிவில் ஒரு அடையாளத்தை எழுதியிருந்தார்கள். வீட்டு சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது.

டிவிடியும் புளூ-ரேயும்

பிளேஸ்டேஷன் 2 காலத்து டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்தார்கள். அதனால் மேல்பக்கக் கீறலுக்குப் பயம் குறைவு. ஆனால் ஒட்டிய பசை விட்டுப் பிரிவது அதன் தனிப் பிரச்சினை. சில பெட்டிகளின் நடுக்குமிழ் ரொம்பவும் இறுக்கமாகப் பிடிக்கும். அதில் இருந்து வளைத்து இழுத்தால் நடு ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விழும். பிளேஸ்டேஷன் 2-இல் நீல அடிப்பக்கம் உள்ளவை சிடிகள், அவற்றுக்கு சிடி விதிதான். சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த ஜிடி-ரோம் டிஸ்க்கும் அமைப்பில் சிடியின் குடும்பம்தான். புளூ-ரேயில் தகவல் இருப்பது அடிமுகத்தில் இருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். அதை பாலிஷ் மெஷினில் போடவே கூடாது.

அரிது என்பது எதனால்?

பழையது எல்லாம் அரிது இல்லை. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7 பல பத்து லட்சம் பிரதிகள் விற்றது. இன்றும் தேடினால் கிடைக்கும். 1998-இல் சேகாவின் முந்தைய கன்சோலான சாட்டர்னுக்கு வந்த பேன்சர் டிராகூன் சாகா அப்படியில்லை. நாலு டிஸ்க் கொண்ட கேம். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியானபோது அங்கே சாட்டர்னின் கதை முடியும் தறுவாயில் இருந்தது. சேகாவின் கவனம் டிரீம்காஸ்டுக்குப் போய்விட்டது. ஓடாத கன்சோலுக்கு யார் நிறைய அச்சிடுவார்கள்? குறைவாகவே அச்சிட்டார்கள். வேறு கன்சோலுக்கு அது மறுபடி வரவும் இல்லை. ஆடியவர்கள் புகழ, தேடுபவர்கள் பெருக, விலை ஏறிக்கொண்டே போனது.

அதே கேமின் ஜப்பானியப் பதிப்பு 'அசெல்' என்ற பேரில் வந்தது. சாட்டர்ன் நன்றாக விற்ற நாடு ஜப்பான் என்பதால் அந்தப் பதிப்பு அதைவிட மிக மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது அதுதான். ஆகவே அரிது என்ற சொல் ஒரு கேமுக்கு இல்லை, குறிப்பிட்ட ஒரு பதிப்புக்குத்தான் பொருந்தும். விற்பவர் 'ரேர்' என்று சொன்னால், எந்த நாட்டுப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்.

டிஸ்க்கை ஏன் இப்படிப் பாதுகாக்க வேண்டும், டவுன்லோட் செய்து ஆடலாமே என்று கேட்கலாம். 2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வந்த கேம்களில் 87 சதவீதம் அப்போது எந்த வடிவத்திலும் புதிதாக விற்பனையில் இல்லை என்று அது காட்டியது. மிஞ்சியிருப்பவை இந்த டிஸ்க்குகள்தான்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் மேல்பக்கம். படத்தில் குத்து, உரிசல், ஸ்டிக்கர் தடம், பேனா எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தின மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரிகிறதா? தெரிந்தால் உடனே பதற வேண்டாம். தயாரிக்கும்போதே அலுமினியத்தில் ஓரிரு நுண்துளைகள் விழுவதுண்டு. பிழைதிருத்தம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். எண்ணிக்கை கூடுகிறதா, ஓரத்தில் இருந்து உள்ளே பரவுகிறதா, காபிக் கறை மாதிரி நிறம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. பரவினால் ராட். கறுப்பு பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் இந்த வெளிச்சச் சோதனை அவ்வளவாக எடுபடாது. அங்கே மேல்பக்கத்தைக் கண்ணால் ஆராய்வதுதான் வழி.

அடுத்து, கன்சோலைச் சந்தேகப்படுங்கள். ஆரம்பகால பிளேஸ்டேஷன்களில் லேசர் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து, படிக்கும் தலை சாய்ந்துபோகும். அதனால்தான் பலர் அந்தக் கன்சோலைக் கவிழ்த்து வைத்து ஆடினார்கள். டிஸ்க் அப்படியே இருக்க, கன்சோலைத் திருப்பினால் ஓடியது என்றால் நோய் யாருக்கு என்று தெரிந்துவிடும். வேறொரு கன்சோலில் போட்டுப் பார்க்காமல் ராட் என்று முடிவு கட்டாதீர்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் ட்ரைவில் போட்டு டிஸ்க் முழுவதையும் படித்து ஒரே கோப்பாக எடுக்கலாம். அந்தக் கோப்பில் இருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண்ணை ஹாஷ் என்பார்கள். கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். ரெடம்ப் என்ற தன்னார்வத் திட்டம் ஆயிரக்கணக்கான கேம் டிஸ்க்குகளின் ஹாஷைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதோடு உங்கள் எண் பொருந்தினால் உங்கள் டிஸ்க் கடைசி எழுத்து வரை நலம்.

வீட்டில் வைப்பது

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2003-இல் தந்த பரிந்துரை இது: டிஸ்க்கைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, அதற்குரிய பெட்டியில் வைக்க வேண்டும், 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏசி இல்லாமல் அந்த வெப்பநிலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஈரத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் என்றால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும்.

சில பழைய கேம் பெட்டிகளுக்குள் டிஸ்க் ஆடாமல் இருக்க நுரைத்துண்டு வைத்திருப்பார்கள். வருஷங்கள் ஆக ஆக அது பிசுபிசுத்து டிஸ்க்கின் மேல் ஒட்டும். முழுப் பெட்டியாக வைத்திருக்க ஆசை என்றால் நுரையைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள், டிஸ்க்கோடு வேண்டாம். மேல்பக்கத்தில் எதையும் ஒட்ட வேண்டாம், எழுத வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்கவும் வேண்டாம். அது அப்படியே இருப்பதுதான் டிஸ்க்குக்கு நல்லது.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை, போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எல்லா டிஸ்க்கையும் வெளியே எடுக்கிறேன். ஒவ்வொன்றையும் அதே ட்யூப் லைட்டுக்கு நேரே, அதே தூரத்தில் பிடித்து மொபைலில் ஒரு படம். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளிகளை எண்ணுவேன். 'அசெல்' மூன்றாவது டிஸ்க்கின் ஓரத்தில் வாங்கியபோதே 7 புள்ளிகள் இருந்தன. இந்த வருஷமும் எண்ணினேன், 7-தான்.